அல்பாக்கா என்ற சொல்லும் ஒரு வாளி வெந்நீரும்

எனக்குத் தொலைபேசியில் பேச வராது. முப்பத்திரண்டு வருடம் தில்லியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆபரேட்டரின் வேலை பேசுவதல்ல, மற்றவர்களைப் பேச வைப்பது. "ஹோல்ட் கீஜியே", "பாத் கீஜியே" என்று, காத்திருக்கச் சொல்லியும் பேசச் சொல்லியும் இந்தியில் இரண்டு வாக்கியம் சொன்னால் நம் பங்கு முடிந்தது. மூன்றாவது வாக்கியம் வாயில் வந்தால் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கனடாவிலிருந்து மகள் கூப்பிட்டால், "சாப்பிட்டியா? குளிரா? இரு, அப்பாகிட்ட குடுக்கிறேன்" என்று போனை அவர் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்பாவும் பெண்ணும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பேன்.

அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வங்கியில் செய்த வேலையைவிட, ஓய்வு பெற்றபின் செய்த வேலைதான் அதிகம். எந்த வார்த்தையைப் பார்த்தாலும் அது எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று விசாரிக்காமல் விடமாட்டார். ஜனக்புரி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனால், அந்தச் சொல்லுக்கு இந்தியில் என்ன, பஞ்சாபியில் என்ன, அது ஆங்கிலத்துக்கு எந்த வழியாகப் போனது என்று காய்க்காரரிடமே விசாரித்துவிட்டு, கத்தரிக்காயை வாங்காமல் வந்து நிற்பார். கண்டுபிடித்ததையெல்லாம் நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தாள். இதற்கென்று ஒரு மனுஷனா என்று எனக்கு ஆத்திரமாக வரும். "இதைத் தெரிஞ்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று கேட்டால், "பண்றதுக்கா தெரிஞ்சுக்கிறோம்?" என்பார். போயும் போயும் இப்படி ஒரு பதில்.

மகள் ஒரு விடுமுறைக்குப் பெரு நாட்டுக்குப் போனவள், அங்கிருந்து அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வந்தாள். வெந்தயத்தை வறுக்கும்போது கடைசியில் ஒரு நிறம் வருமே, அந்தச் செம்பழுப்பு. கழுத்துப் பட்டியில் தைத்திருந்த சீட்டில் 'நூறு சதவீதம் அல்பாக்கா' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவர் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சீட்டைத்தான் படித்தார். "அல்பாக்கா... அல்பாக்கா..." என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு இரண்டு குளிர்காலம் அந்த ஸ்வெட்டர் அவர் உடம்பை விட்டு இறங்கவில்லை. தூங்கும்போதுகூட அதுதான். ஷேவிங் லோஷனும் நீலகிரித் தைலமும் தேங்காயெண்ணெயும் கலந்து அதற்கென்று ஒரு வாசனையே வந்துவிட்டது.

அந்த ஸ்வெட்டரோடுதான் அவர் போனார். ஜனவரி மாதம், ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடம் தெரியாத அளவுக்குப் பனி. காலையில் நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டார். கொண்டு வந்தேன். வாங்கிக்கொள்ள ஆளில்லை. இதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மகளால் வர முடியவில்லை. அங்கே தங்குவதற்கான அவளுடைய காகிதங்கள் புதுப்பிப்பதற்காகப் போயிருந்தன. அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். வீடியோவில்தான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. கல் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திருச்சியிலிருந்து என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, அன்றிரவே வந்துவிட்டார். மறுநாள் காலை எடுத்தார்கள். குளிப்பாட்டுவதற்காகக் கழற்றிய ஸ்வெட்டர் நாற்காலியில் கிடந்தது. ஆண்கள் சுடுகாட்டுக்குப் புறப்பட்டதும், வீட்டைக் கழுவிவிட்டு, எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, உடுத்தியிருந்தது, விரித்திருந்தது, மேலே பட்டது என்று ஒன்று விடாமல் நனைத்துப் போடுவது எங்கள் வழக்கம். ஊரில் என்றால் அந்தத் துணிகளை ஏகாலி எடுத்துக்கொண்டு போய்விடுவார். தில்லியில் யார் இருக்கிறார்கள்? குளியலறையில் பெரிய நீல வாளி. ஜனவரியில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துவிடும் என்பதால் கீசரைத் திறந்துவிட்டேன். வெந்நீர் ஆவி பறக்கக் கொட்டியது. சோப்புத் தூளைக் கொட்டினேன். போர்வை, பெட்ஷீட், என் புடவை.

வாசலில் நின்றபடி நாத்தனார் சொன்னார். "நாற்காலியில ஸ்வெட்டர் கெடக்கு பாரு. அதையும் போட்டுடும்மா. உடம்புல கெடந்ததுல்ல?"

போட்டேன். அழுத்தினேன். கும்மினேன்.

இதில் நான் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. உல்லனுக்கு வெந்நீர் காட்டக்கூடாது, கும்மக்கூடாது, முறுக்கக்கூடாது, கொடியில் தொங்கவிடக்கூடாது என்று தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். நாற்பது வருடத்தில் ஒரு மஃப்ளரைக்கூட நான் பாழாக்கியதில்லை. ஆனால் அன்றைக்கு வேலை செய்தது தில்லிக் கை இல்லை. திருச்சிக் கை. அந்த ஊரில் துணி என்றால் பருத்தி. கொதிக்கிற தண்ணீரில் போட்டு அடித்தால்தான் அதற்குத் தீட்டுப் போகும். சாவு வீட்டில் மூளை எங்கே வேலை செய்கிறது? பழகிய கை செய்துகொண்டே போகிறது.

கை நிறைய நுரையோடு இருக்கும்போதுதான் போன் அடித்தது. மகள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அப்பாவோட அந்த ஸ்வெட்டர் இருக்குல்ல? அதைத் துவைச்சுடாதம்மா. ப்ளீஸ். அப்படியே ஒரு கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி வை. நான் வந்து பாக்கணும். வேற ஒண்ணுமே எனக்கு வேணாம்."

"சரிம்மா" என்றேன்.

வேறென்ன சொல்வேன், சொல்லுங்கள். போனை வைத்துவிட்டு ஓடிப்போய் அதை வெளியே இழுத்தேன். நனைந்த பூனைக்குட்டியைத் தூக்குவது போல் இருந்தது. பதற்றத்தில் பிழிந்து வேறு தொலைத்தேன். மாடியில் காயப்போட்டு இரண்டு நாள் கழித்து எடுத்தபோது, எட்டு வயதுப் பிள்ளைக்குப் போடலாம் போல் சுருங்கி, அட்டை மாதிரி தடித்துப்போயிருந்தது. கீழ்வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ஹாய் ரப்பா! கரம் பானி?", அட கடவுளே, வெந்நீரா என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். தலைக்குப் போடும் கண்டிஷனரைக் கரைத்து ஊற வைத்து, இருவருமாக இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தோம். கொஞ்சம் கோணலானதுதான் மிச்சம். மூக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்பு மணத்தது. அவர் அதில் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாத்தனாரும் மற்றவர்களும் ஊருக்குப் போனார்கள். "நீயும் வந்துடேன், இங்க ஒத்தையில என்ன பண்ணப் போற?" என்று கேட்டார் நாத்தனார். வரவில்லை என்றேன். ஏன் என்று எனக்கே தெரியாது. இங்கே இருப்பது பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு மகள் கூப்பிட்டாள். அவளுக்கு அது காலை நேரம். "சாப்பிட்டியா? குளிரா?" என்று கேட்டேன். அடுத்தது, "இரு, அப்பாகிட்ட..." என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு அவள் கேட்டாள். "அம்மா, ஸ்வெட்டர் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன். பீரோவுக்குள் இருக்கத்தானே செய்கிறது. அடுத்த கேள்வி வந்துவிடுமோ என்று பயந்தேன். கவரில் போட்டாயா, கட்டினாயா, காட்டு என்று கேட்டால் என்ன செய்வேன்? மேஜை மேல் அவருடைய நாள்காட்டித் தாள்கள் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. ஒரு கையால் புரட்டினேன். கடவுள் புண்ணியத்தில் கிடைத்தது. "உங்கப்பா அந்த ஸ்வெட்டரப் பத்தி ஒண்ணு எழுதி வெச்சிருக்காருடி. படிக்கவா?"

"படிம்மா, படி!"

படித்தேன். 'அல்பாக்கா. ஸ்பானியர்கள் உலகத்துக்குக் கொடுத்த சொல். ஆனால் அவர்கள் சொல் அன்று. ஆண்டீஸ் மலையில் அய்மாரா மொழி பேசுகிறவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர்கள் ஆட்டையும் ஒட்டகத்தையும் கலந்தது போன்ற தங்கள் மந்தைப் பிராணியை அப்படி அழைத்தார்கள். பக்கத்து மொழியான கெச்சுவாவிலும் பார்க்க.'

அவ்வளவுதான். பார்க்க என்று எழுதியவர் பார்க்கவில்லை.

"கெச்சுவால என்னவாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல் என்று தெரியவில்லை. போனை வைத்ததும், ஏழு நாள் தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

இப்படித்தான் அந்த வார்த்தையை நான் கையில் எடுத்தேன். அறிவு தேடி இல்லை. பொய்க்கு முட்டுக் கொடுக்க.

அவருடைய டேப்லெட்டை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒரு விரலால் தட்டித் தட்டிப் படித்தேன். இந்தப் பண்டிதர்கள் இருக்கிறார்களே, ஒருவராவது ஒரு விஷயத்தை நெஞ்சைத் தட்டிச் சொல்கிறார்களா? 'இருக்கலாம்', 'கருதப்படுகிறது', 'தொடர்பு இருக்கக்கூடும்'. நாங்கள் எக்ஸ்சேஞ்சில் 'லைன் கிடைத்தாலும் கிடைக்கலாம்' என்று சொன்னால் விட்டிருப்பார்களா? ஆனாலும் ஒன்று கிடைத்தது. கெச்சுவாவில் பாக்கு என்பது போல ஒலிக்கும் ஒரு சொல் இருக்கிறது. மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு பழுப்பு நிறத்தை அது குறிக்கும். அந்த நிறத்தால்தான் பிராணிக்குப் பெயர் வந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நம் ஊரில் செவலை என்றால் மாடு என்று புரிந்துகொள்வதில்லையா, அதுபோல.

அடுத்த ஞாயிறு இதைச் சொன்னபோது மகள் கத்தியே விட்டாள். "அம்மா! அப்பா ஸ்வெட்டர் அந்தக் கலர்தானே? கடையில எத்தனையோ கலர் இருந்துச்சும்மா. நான் எடுத்தது அதைத்தான்!"

"ஆமாண்டி" என்றேன். அன்றைக்கு முப்பத்தைந்து நிமிடம் பேசினோம். ஸ்வெட்டர் பத்திரமா என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டதோடு சரி.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்று. 'அல்' என்ற முன்பகுதியைப் பற்றி ஒரு சண்டை இருக்கிறது. ஸ்பெயினைப் பல நூறு வருடம் அரபுக்காரர்கள் ஆண்டதால், அரபியின் 'அல்' ஒட்டிய சொற்கள் ஸ்பானிய மொழியில் ஏராளம். அந்தக் காதுப் பழக்கத்தில், மலையில் கேட்ட பெயருக்கும் முன்னால் ஒரு 'அல்' போட்டுவிட்டார்களோ என்கிறார் ஒருவர். அதெல்லாம் இல்லை, அய்மாராவிலேயே 'அல்' உண்டு என்கிறார் இன்னொருவர். இன்னும் சிலர், கெச்சுவாவில் 'அல்பா' என்றால் மண், மண்ணிலிருந்து வந்தது என்கிறார்கள். இதைப் படித்தவர்கள் ஒத்துக்கொள்வதில்லை, சும்மா சொல்வது என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. பிடித்திருந்தால் மட்டும் உண்மையாகிவிடுமா என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. விழட்டும்.

பிறகு அந்தச் சொல் கப்பலேறிய கதை. கம்பளி இங்கிலாந்து ஆலைகளுக்குப் போய்த் துணியாகி, அந்தத் துணிக்கும் அதே பெயராகி, கறுப்புக் கோட்டுத் துணியாகவும் குடைத் துணியாகவும் நம் ஊர்க் கடைகள் வரை வந்திருக்கிறது. திருச்சி கோர்ட்டில் பழைய வக்கீல்கள் அல்பாக்கா கோட்டு போட்டுக்கொண்டு வேர்த்து வடிந்திருப்பார்கள். அந்தப் பிராணியை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டார். தன்னைப் பெற்ற மலையையும் மொழியையும் விட்டு, பாஷை தெரியாத ஊரில் வந்து, தனக்குப் பொருந்தாத வெயிலில் அந்தச் சொல் குடியிருந்திருக்கிறது. மகளிடம் இதைச் சொன்னேன். "நம்மள மாதிரியே" என்றாள். தில்லியில் பிறந்தவள், தமிழில் கடிதம் எழுதத் தெரியாதவள், கனடாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

அதே அழைப்பில்தான் இன்னொன்றும் சொன்னாள். "அம்மா, நீ அப்பா மாதிரியே பேசுறம்மா."

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. முப்பத்தாறு வயசுப் பெண். அவளோடு நான் பேசியே இருந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோறு போட்டிருக்கிறேன், ஜுரத்துக்குக் கண் விழித்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன், அடித்துக்கூட இருக்கிறேன். பேச்சை மட்டும் அவரிடம் இணைத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இப்போது கிடைத்திருக்கும் பேச்சோ ஒரு பொய்யின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. பொய்யை எடுத்தால் பேச்சும் விழுந்துவிடும். விழுந்தால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மிகைப்படுத்தவில்லை. திங்களிலிருந்து சனி வரை நான் வாய் திறப்பது பால்காரரிடமும் காய்க்காரரிடமும்தான். "பையா, ஆதா கிலோ." "அச்சா, டீக் ஹை." அரைக் கிலோவுக்கும் சரிக்கும் மேல் போகாது. தமிழில் ஒரு வார்த்தை பேச ஆறு நாள் ஆகும். மே மாதத்தில் அனல்காற்று அடிக்கும்போது ஜன்னலெல்லாம் சாத்தி, கூலர் இரைச்சலில் உட்கார்ந்திருப்பேன். கீழ்வீட்டு அம்மாளும் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு ஆளுக்கு எவ்வளவு ரசம் வைப்பது என்று எனக்கு இன்னும் கைவரவில்லை. மூன்று நாள் அதே ரசம். மெட்ரோவில் ஏறிச் சும்மா கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள் என்பதற்காக. சொன்னால் வெட்கக்கேடு.

அந்தப் பிராணியைப் பற்றியும் படித்தேன். கோபம் வந்தால் துப்புமாம். தாயும் குட்டியும் ஒன்றை ஒன்று முனகியே கூப்பிட்டுக்கொள்ளுமாம். இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அல்பாக்காவை ஒற்றையாக வளர்க்கக்கூடாது, துணையில்லாமல் விட்டால் தீனியைக் குறைத்துக்கொண்டு நோயில் படுத்துவிடும் என்று வளர்ப்பவர்கள் எச்சரிக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

அக்டோபரில் அவளுடைய காகிதங்கள் வந்துவிட்டன. "நவம்பர்ல வர்றேம்மா! டிக்கெட் போட்டாச்சு! வந்து இறங்கினதும் முதல்ல அந்தக் கவரைப் பிரிச்சு மூஞ்சில வெச்சுக்கணும்மா. அப்புறம்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்."

"வாம்மா, வா" என்றேன்.

அடுத்த இரண்டு நாள் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். குளிர்காலச் சரக்கு நடைபாதைக்கு வந்துவிட்டிருந்தது. ஜனக்புரியிலிருந்து கரோல்பாக் வரை போய், அதே செம்பழுப்பில், அதே கழுத்து வெட்டில் ஒன்றைத் தேடினேன். ஒரு கடைக்காரர் ஒன்றை எடுத்து விரித்தார். கழுத்தில் சீட்டு. அதில் கொட்டை எழுத்தில் அல்பாக்கா.

"பியூர் அல்பாக்கா, ஆன்ட்டிஜி."

"அல்பாக்கா என்றால் என்ன, பையா?" என்று இந்தியில் கேட்டேன்.

"கம்பெனி பேர், ஆன்ட்டிஜி. பெரிய கம்பெனி."

தொட்டதுமே தெரிந்துவிட்டது, அது முழுக்க நைலான் என்று. பாவம் அந்தச் சொல், மலையிலிருந்து இறங்கி எங்கெல்லாம் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. வாங்கிக்கொண்டேன். மகள் வாங்கி வந்ததன் கழுத்துச் சீட்டை வெட்டி இதில் தைத்துவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து, அலமாரியில் இருந்த அவருடைய ஷேவிங் லோஷனை எடுத்துக் கழுத்தோரம் தேய்த்தேன். முதுகில் நீலகிரித் தைலம். தோளில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். வாசனை ஊறட்டும் என்று அவருடைய நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

சாயங்காலம், விளக்குப் போடுவதற்கு முந்தைய மங்கலில், கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவள் வாசற்படியிலேயே நின்றேன். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். முதுகு தெரிந்தது. வாசனை வந்தது. "டீ போடட்டுமாங்க?" என்று கேட்டுவிட்டேன். வாய்விட்டு, சத்தமாக, கேட்டேவிட்டேன்.

நாற்காலியில் இருந்தது நான் மாட்டிய அந்த நைலான் ஸ்வெட்டர்தான். தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது மாதம் அழாத அழுகையெல்லாம் வந்தது. அட பாவி, என்ன காரியம் செய்ய இருந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். என்னையே ஏமாற்றிய ஒன்றிடம் அவள் ஏமாறாமல் இருப்பாளா? இதை முகத்தில் வைத்து அவள் அப்பா என்று அழுதால், அதை எதிரே நின்று நான் எப்படிப் பார்ப்பேன்?

எழுந்து விளக்கைப் போட்டேன். அதைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். போனை எடுத்தேன். அன்று புதன்கிழமை. நானாக அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மா? என்னம்மா? என்ன ஆச்சு? உடம்புக்கு என்ன?" அவள் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போல. குரல் பதறியது.

"எனக்கு ஒண்ணுமில்ல. உக்காரு. உக்காந்துட்டியா? அப்பா ஸ்வெட்டரைத் துவைச்சுட்டேன்டி."

"என்னது?"

"வெந்நீர்ல போட்டுத் துவைச்சுட்டேன். சுருங்கிப்போச்சு. வாசனை ஒண்ணும் இல்ல அதுல. ஒண்ணுமே இல்ல."

"எப்பம்மா?"

"அன்னிக்கே. நீ துவைக்காதன்னு சொல்ல ஃபோன் பண்ணினியே, அப்பவே அது வாளிக்குள்ள கெடந்துச்சு. சொல்ல முடியல என்னால. நீ வேற ஒண்ணுமே வேணாம்னுட்ட."

தெருவில் வண்டி போகும் சத்தம் அவள் பக்கத்திலிருந்து கேட்டது.

"அப்ப இத்தனை மாசமா... அல்பாக்கா, அல்பாக்கான்னு வாராவாரம்..."

"ஆமா. நீ அதைக் காட்டுன்னு கேட்டுடக் கூடாதுன்னுதான் பேசினேன். மொத ரெண்டு வாரம் அதுக்குத்தான். அதுக்கப்புறம் நீ பேசுறியேன்னு பேசினேன். நெசமா சொல்றேன். திட்டு. ஃபோனை வெக்கணும்னா வெச்சுடு."

வைக்கவில்லை. மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். அவள் அழுதாள். அப்பாவின் முகத்தை வீடியோவில் பார்த்து அழாதவள், ஒன்பது மாதத்தில் ஒரு ஞாயிறுகூட அழாதவள், சின்னப் பிள்ளையில் பொம்மை உடைந்தால் அழுவது போல வாய்விட்டு, மூச்சுத் திணற, அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியாது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றேன்.

வெகுநேரம் கழித்துப் பேசினாள். "அந்த ஸ்வெட்டர் அங்க கவர்ல இருக்குன்னு நெனச்சுட்டிருந்தேன்ல... அதுவரைக்கும் அப்பாவும் அங்கதான் இருந்தாரும்மா எனக்கு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதைக் கேட்டா, அவரைக் கேக்குற மாதிரி இருக்கும். இப்பத்தான் தெரியுது. அவரு போயிட்டாரும்மா."

"போயிட்டாருடி" என்றேன்.

மூக்கை உறிஞ்சினாள். தண்ணீர் குடித்தாள். நான் அவள் கோபத்துக்காகக் காத்திருந்தேன். அது வரத்தான் வேண்டும், வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக நின்றேன்.

"அம்மா."

"சொல்லு."

"அவரு போன வீட்டுல நீ மட்டும் இருக்கியேம்மா. நான் இங்க அவரு இருக்காருன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன். நீ எப்படிம்மா இருக்க?"

ஒன்பது மாதமாக எல்லோரும் கேட்கிற கேள்விதான். நாத்தனார் கேட்டிருக்கிறார், வங்கி நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள், மருந்துக்கடைக்காரர்கூடக் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் நல்லா இருக்கேன் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அது வாயிலேயே உட்கார்ந்திருக்கும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"முடியலடி" என்றேன். "என்னால தனியா இருக்க முடியல."